குழந்தையோட பயமும் வீட்டோட பேப்பரும்: புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சில வருஷமா புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு இன்டர்பிரிட்டரா இருக்கேன். ஒரு நாள் குழந்தைகளோட கவுன்சிலிங் ரூம்ல உக்காந்திருப்பேன், அடுத்த நாள் இலவச சட்ட உதவி ஆபீஸ்ல இருப்பேன், ரெண்டு இடத்துலயும் அதே அம்மா அப்பாங்கதான். இங்க "புள்ள தூங்க மாட்டேங்குது"ன்னு அழுவாங்க, அங்க "லெட்டர் வந்திருக்கு, என்னன்னே புரியல"ன்னு அழுவாங்க. ரெண்டும் வேற வேற பிரச்சனைன்னு நானும் முதல்ல நெனச்சேன், இப்ப அப்படி நெனைக்கல. அடிக்கடி காதுல விழுற கேள்விகளை எல்லாம் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால நான் சொல்றது பெரும்பாலும் உலக அளவுல இருக்குற ஒப்பந்தங்களை வெச்சுதான், உங்க கேஸுக்குன்னு முடிவெடுக்கும்போது அங்க இருக்குற லாயர்கிட்ட கேட்டுக்கோங்க.

ட்ராமா, ட்ராமான்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன? கஷ்டத்தை பாத்த எல்லா குழந்தைக்கும் வருமா?

ட்ராமான்னா பயங்கரமான எதையாவது அனுபவிச்சதால மனசுல படுற காயம். எல்லாருக்கும் வராது. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேரு "எங்க புள்ள வாழ்க்கை போச்சு"ன்னு முடிவு பண்ணிட்டுதான் வர்றாங்க. சண்டை, வன்முறை, ஆபத்தான பயணம், பெத்தவங்களை பிரிஞ்சு இருந்ததுன்னு பயங்கரமான எதையாவது பாத்த பிறகு கொஞ்ச நாளைக்கு குழந்தை பதறுறது, அழுறது, ஒட்டிக்கிட்டே திரியறது இதெல்லாம் இயல்பு. பாதுகாப்பான இடமும் கூடவே இருக்குற ஒரு பெரியவங்களும் கிடைச்சா நெறைய குழந்தைங்க தானாவே தேறி வந்துடுவாங்க. ஒரு மாசம் தாண்டியும் குறையாம இருந்து, படிப்பு விளையாட்டு தூக்கம்னு தினசரி வாழ்க்கையை கெடுத்தா அப்பதான் டாக்டர்கள் பிடிஎஸ்டிங்கற பேரை, அதாவது மனக்காயத்துக்கு அப்புறமும் ஆறாம நீடிக்கிற பாதிப்பை யோசிப்பாங்க. அந்தப் பேரு மருத்துவப் புத்தகத்துல ஏறினதே 1980லதான். உடம்புல பட்ட காயம் மாதிரி இதுவும் ஒரு காயம், புள்ள கோழையும் இல்ல, உங்க வளர்ப்பும் தப்பில்ல.

என் பொண்ணு எதையும் சொல்ல மாட்டேங்குறா. நல்லா இருக்காளா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

குழந்தைங்க வாயால சொல்றது ரொம்ப கம்மி, உடம்பும் பழக்கமும்தான் சொல்லும். சின்னப் புள்ளைங்கன்னா படுக்கைய நனைக்கிறதை எப்பவோ விட்டது திரும்ப ஆரம்பிக்கும், விரல் சூப்பும், மழலை திரும்ப வரும், ஒரே விளையாட்டை சந்தோஷமே இல்லாம திரும்பத் திரும்ப விளையாடும். ஸ்கூல் வயசுல காலையில வயித்து வலி, தலைவலி, டாக்டர் பாத்தா ஒண்ணுமில்லம்பாரு, கிளாஸ்ல கவனம் இருக்காது. இதை டீச்சருங்க சில நேரம் படிப்புல மந்தம், சேட்டைன்னு தப்பா எடுத்துக்குவாங்க. டீனேஜ் பசங்க ரூம் கதவை சாத்திப்பாங்க, எரிஞ்சு விழுவாங்க, சிலது ஆபத்தான காரியத்துல இறங்கும், இன்னும் சிலது அளவுக்கு மீறி நல்ல புள்ளையா ஆயிடும், வீட்டு வேலை எல்லாம் தானே செய்யும், எதுக்கும் அழாது. இந்தக் கடைசி வகைய யாரும் கவனிக்கிறதே இல்ல.

ஆறு வயசு பொண்ணு ஒருத்தி, ராத்திரி ஷூ போட்டுக்கிட்டுதான் தூங்குவா. அவங்க அம்மா தினம் கழட்டுவாங்க, அவ கத்துவா, அடியும் வாங்கியிருக்கா. கவுன்சிலர் கேட்டப்ப அவ மெதுவா சொன்னா, "திடீர்னு ஓடணும்னா?" அவ்வளவுதான், ரூம்ல யாருக்கும் பேச்சே வரல, நான் அதை மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. கவுன்சிலர் ஷூவ புடுங்கச் சொல்லல, கால்ல இருந்து தலையணை பக்கத்துக்கு, கொஞ்ச நாள் கழிச்சு கட்டிலுக்கு கீழ, அப்புறம் கதவுகிட்டன்னு தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு இடமும் அவ சம்மதிச்ச பிறகுதான். சில வாரம் ஆச்சு.

நடந்ததை பேச வைக்கணுமா, இல்ல அப்படியே மறந்துடட்டும்னு விட்டுடணுமா?

ரெண்டுமே வேண்டாம். "சொல்லு சொல்லு"ன்னு தோண்டாதீங்க, சம்பவம் நடந்த உடனே உக்கார வெச்சு எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறை உதவறதில்லைன்னு இப்ப தெளிவா தெரிஞ்சிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2011ல வெளியிட்ட உளவியல் முதலுதவி கையேடும் பாரு, கேளு, உதவியோட இணைச்சு விடுன்னு மூணைத்தான் சொல்லுது, கதைய பிழிஞ்சு எடுக்கச் சொல்லல. அதுக்காக குழந்தை தானா ஆரம்பிச்சா "அதெல்லாம் பேசாத, முடிஞ்சு போச்சு"ன்னு வாயை அடைச்சிடாதீங்க. அப்படிச் செஞ்சா அதுக்கு புரியறது ஒண்ணுதான், அம்மாவால இதைத் தாங்க முடியாது, அதனால நான் தனியாவே வெச்சுக்கணும். அது பேசுறப்ப கேளுங்க, "நீ சொன்னது நல்லது, இப்ப நான் கூட இருக்கேன்"னு சொல்லுங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்.

வீட்லயே இன்னைக்கு ராத்திரியே செய்யக்கூடியது ஏதாவது இருக்கா?

இருக்கு, பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். சாப்பாடு, குளியல், கதை, தூக்கம் இதெல்லாம் தினம் ஒரே நேரத்துல ஒரே வரிசையில நடக்கட்டும், அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சாலே பயம் பாதி இறங்கும். ஷெல்டர்ல ஒரே ரூம்ல இருந்தாலும் ஒரு மூலை, ஒரு போர்வை அதோடதுன்னு இருக்கட்டும். எங்கயாவது போறீங்கன்னா சொல்லாம நழுவாதீங்க, அழுதாலும் பரவாயில்ல, எங்க போறேன் எப்ப வருவேன்னு சொல்லிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க. நியூஸையும் போன்ல வர்ற வீடியோவையும் புள்ளைங்க இருக்கும்போது ஓட விடாதீங்க, நமக்கு தகவல், அதுக்கு மறுபடியும் அதே சம்பவம்.

பயத்துல உடம்பு விறைச்சு போச்சுன்னா கண்ணுக்குத் தெரியிற அஞ்சு பொருள், தொட முடியிற நாலு, காதுல கேக்குற மூணு, மோந்து பாக்க ரெண்டு, ருசிக்கு ஒண்ணுன்னு எண்ணச் சொல்லுங்க, கூடவே நீங்களும் எண்ணுங்க. மனசு அந்தப் பழைய இடத்துல இருந்து இந்த ரூமுக்கு வரும். கெட்ட கனவுல எந்திரிச்சா முதல்ல லைட்ட போட்டு "இது நம்ம வீடு, கதவு பூட்டியிருக்கு"ன்னு சொல்லுங்க, என்ன கனவுங்கறது அப்புறம்.

தெரபில என்னதான் பண்ணுவாங்க? மாத்திரை கொடுத்துடுவாங்களோ?

மாத்திரை பயம் எல்லாருக்கும் இருக்கு. குழந்தைங்களோட பிடிஎஸ்டிக்கு பேச்சு வழி சிகிச்சைதான் முதல்ல, பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி வெளியிடுற நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில 18 வயசுக்கு கீழ இதுக்குன்னு மருந்தே கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கு. மனக்காயத்தை மையமா வெச்ச சிபிடின்னு, நினைப்பையும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்த உதவுற ஒரு பேச்சு முறை இருக்கு, அது சாதாரணமா 8ல இருந்து 25 செஷனுக்குள்ள முடியும், பெத்தவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. அப்புறம் கண்ணை இடம் வலமா அசைக்க வெச்சு செய்யிற ஈஎம்டிஆர்.

எனக்கு மனசுல நின்னது கதை சொல்லி ஆத்துற முறை, குழந்தைங்களுக்கான அதோட வடிவத்துக்கு கிட்நெட்னு பேரு. தரையில ஒரு கயிறை நீளமா விரிப்பாங்க, அதுதான் அந்தப் புள்ளையோட வாழ்க்கை. நல்லது நடந்த இடத்துல பூ வைக்கணும், கெட்டது நடந்த இடத்துல கல்லு. அப்புறம் ஒவ்வொரு செஷன்லயும் ஒவ்வொண்ணா எடுத்து அப்ப என்ன பாத்த, உடம்புல எங்க வலிச்சுது, இப்ப எங்க இருக்கன்னு பேசுவாங்க. சிதறிக் கிடந்த ஞாபகத்துக்கு ஒரு நாள், ஒரு இடம், ஒரு முடிவுன்னு கிடைக்கும், அப்பதான் அது "முன்னாடி நடந்தது"ன்னு ஆகும். கயித்தோட மிச்சம் சுருட்டி வெச்சிருப்பாங்க, இனி வரப்போற காலம் அது. ஒரு பையன் அந்த சுருளை கையில எடுத்துப் பாத்துட்டு "இவ்ளோ மிச்சம் இருக்கா"ன்னு கேட்டான்.

தெரபிஸ்ட்கிட்ட சொன்னா அது இமிக்ரேஷனுக்கு போயிடுமா?

பொதுவா போகாது, நீங்க சொல்றதை ரகசியமா வைக்கிறது அவங்க தொழில் கடமை. ஆனா விதிவிலக்கு உண்டு, குழந்தைய யாராவது துன்புறுத்துறாங்க, இல்ல யாரோட உயிருக்காவது ஆபத்துன்னா பல நாடுகள்ல அவங்க சம்பந்தப்பட்ட துறைக்கு சொல்லியே ஆகணும். அதனால முதல் செஷன்லயே "நான் சொல்றது யாருக்கெல்லாம் போகும், எதை எழுதி வைப்பீங்க, அரசாங்கம் கேட்டா தருவீங்களா"ன்னு நேரா கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆளைப் பாருங்க. காவல்ல வெச்சிருக்குற இடத்துலயோ அரசாங்கத்தோட ஷெல்டர்லயோ இருக்குற கவுன்சிலர்னா இந்தக் கேள்விய கட்டாயம் கேக்கணும். இன்டர்பிரிட்டரும் இதே ஊர்க்காரங்கதானே, வெளிய பேசிடுவாங்களோன்னு சந்தேகமா இருந்தா போன்ல வேற ஆளை வெச்சுக் கேக்கலாம், மாத்தச் சொல்லலாம், நான் மனசார சொல்றேன், இதுல எங்களுக்கு வருத்தமே இல்ல.

என் பையன்தான் எங்களுக்கு எல்லா இடத்துலயும் மொழிபெயர்க்கிறான். அது தப்பா?

கடையில, பஸ்ல, ஸ்கூல் நோட்டீஸ் படிக்கிறதுல பரவாயில்ல, சில பசங்களுக்கு அதுல பெருமையும் இருக்கு. ஆனா டாக்டர், லாயர், போலீஸ், கோர்ட், கவுன்சிலிங் இந்த அஞ்சு இடத்துலயும் வேண்டவே வேண்டாம். ஒரு அம்மா டாக்டர்கிட்ட "எனக்கு வாழவே பிடிக்கல"ன்னு சொல்லியிருக்காங்க, பதினோரு வயசு பையன் அதை டாக்டருக்கு "தலைவலியாம்"னு சொல்லியிருக்கான். டாக்டர் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாரு. அந்தப் பையன் பொய் சொல்லணும்னு சொல்லல, அந்த வார்த்தைய வாய்ல எடுக்க அவனால முடியல, அதுக்கப்புறம் பல மாசம் அம்மா பாத்ரூம் போனா கூட வாசல்ல போய் நிப்பானாம். "எனக்கு இன்டர்பிரிட்டர் வேணும்"ங்கற ஒரு வரிய மட்டும் அந்த நாட்டு மொழியில மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க. இலவசமா கொடுக்கணும்னு பல நாட்டுல ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் விதி இருக்கு, கேக்காததால மட்டுமே நெறைய பேருக்கு கிடைக்காம போகுது.

எங்ககிட்ட சரியான பேப்பர் இல்ல. குழந்தைய ஸ்கூல்ல சேர்க்க முடியுமா? எங்களுக்கு உரிமைன்னு ஒண்ணு இருக்கா?

இருக்கு. 1989 நவம்பர் 20ல ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்ட குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 196 தரப்பு சேர்ந்திருக்கு, அமெரிக்கா கையெழுத்து மட்டும் போட்டுட்டு உறுதிப்படுத்தாம நிக்குது (அங்கயும் 1982ல உச்சநீதிமன்றம் பேப்பர் இல்லாத குழந்தைங்களுக்கும் பொதுப்பள்ளி கதவை மூடக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு). அந்த ஒப்பந்தத்தோட 2வது பிரிவு பெத்தவங்க யாரு, என்ன அந்தஸ்துன்னு பாத்து குழந்தைகிட்ட பாகுபாடு காட்டக்கூடாதுங்குது. 28 ஆரம்பக் கல்வி எல்லாருக்கும் இலவசம்ங்குது, 24 ஆரோக்கியம், 12 குழந்தையோட கருத்தை கேக்கணும்ங்குது. 39 ரொம்ப பேருக்கு தெரியாது, வன்முறை, சித்திரவதை, போர் இதுல சிக்கின குழந்தை உடம்பாலயும் மனசாலயும் தேறி வர நாடு உதவணும்னு அதுல இருக்கு, அதாவது நீங்க கேக்குற கவுன்சிலிங் யாரும் போடுற பிச்சை இல்ல.

ஒப்பந்தத்துல இருக்குறது எல்லாம் கவுன்டர்ல அப்படியே கிடைச்சுடாது, எனக்குத் தெரியும். ஸ்கூல் ஆபீஸ்ல "இந்த சர்டிஃபிகேட் இல்லாம முடியாது"ன்னு திருப்பி அனுப்பினா "முடியாதுங்கறதை எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. எழுதிக் கொடுக்கச் சொன்ன உடனே நெறைய முடியாது, முடியும்னு மாறுறதை நான் கண்ணால பாத்திருக்கேன். மாறலன்னா அந்த பேப்பரோட சட்ட உதவிக்கு வாங்க.

அகதியா வந்தவங்களுக்கு 1951 ஒப்பந்தமும் உண்டு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்குற இடத்துக்கு திருப்பி அனுப்பக்கூடாதுன்னு அதோட 33வது பிரிவு சொல்லுது. நேரா ஆபத்துல இருந்து தப்பி அனுமதி இல்லாம உள்ள வந்தவங்க தாமதிக்காம அதிகாரிகள்கிட்ட போய் காரணத்தை சொன்னா, அப்படி வந்ததுக்காக தண்டிக்கக்கூடாதுன்னு 31 சொல்லுது.

அதிகாரிங்க கதவைத் தட்டினா என்ன பண்றது?

இது முழுக்க நாட்டு சட்டம், அதனால தட்டுறதுக்கு முன்னாடியே உள்ளூர் சட்ட உதவியில கேட்டு வெச்சுக்கோங்க: கதவைத் திறக்கணுமா, எந்த உத்தரவு இருந்தா உள்ள வரலாம், பேர் சொல்ல வேண்டியது கட்டாயமா, பேசாம இருக்க உரிமை உண்டா. எந்த நாடா இருந்தாலும் ஓடாதீங்க, கைய ஓங்காதீங்க, பொய் சொல்லாதீங்க, போலி பேப்பர் காட்டாதீங்க, புரியாத எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், ஏன்னா சில பேப்பர்ல "நானே விரும்பி திரும்பிப் போறேன்"னு இருக்கும். லாயர் வேணும், இன்டர்பிரிட்டர் வேணும்னு சொல்லிக்கிட்டே இருங்க.

வெளிநாட்டுக்காரரை பிடிச்சு வெச்சா, அவங்க தூதரகத்துக்கு தகவல் சொல்லச் சொல்லி கேக்கலாம்ங்கறதை அவருக்குச் சொல்லணும்னு 1963 வியன்னா ஒப்பந்தம் சொல்லுது. ஆனா சொந்த நாட்டு அரசாங்கத்துக்கே பயந்து ஓடி வந்தவங்க லாயரைக் கேக்காம தூதரகத்துக்கு சொல்லச் சொல்லாதீங்க.

என்னைப் பிடிச்சுட்டா என் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்குமே?

ராத்திரி ரெண்டு மணிக்கு மனசுல ஓடுற கேள்வி இதுதான். பகல்ல உக்காந்து பேப்பர்ல எழுதுங்க. ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வருவாங்க, அவங்க பேரு ஸ்கூல் ரெக்கார்டுல ஏறியிருக்கா, தற்காலிகமா பாத்துக்க அவங்களுக்கு எழுத்துல அதிகாரம் கொடுக்க உங்க நாட்டுல என்ன பத்திரம் வேணும், என்ன அலர்ஜி, என்ன மருந்து. பிறப்பு சர்டிஃபிகேட், தடுப்பூசி அட்டை, கேஸ் நம்பர் எல்லாத்தோட நகலும் ஒரே ஃபைல்ல, அந்த ஃபைல் எங்க இருக்குன்னு நம்பிக்கையான இன்னொருத்தருக்கும் தெரியணும். ரெண்டு போன் நம்பர் குழந்தைக்கு மனப்பாடமா இருக்கட்டும், போன் இல்லாமலே சொல்லத் தெரியணும். அரசாங்கமே பிரிச்சு வெச்சா, கேட்டா எங்க வெச்சிருக்காங்கன்னு குடும்பத்துக்கு சொல்லணும்னு குழந்தை உரிமை ஒப்பந்தத்தோட 9வது பிரிவுல இருக்கு. குடியேற்றக் காரணத்துக்காக குழந்தைங்களை அடைச்சு வைக்கவே கூடாதுன்னு ஐநா குழுக்கள் 2017ல சேர்ந்தே சொல்லியிருக்காங்க.

இந்த ஃபைலை தயார் பண்ணிட்டு வந்த ஒரு அப்பா, அடுத்த வாரம் கவுன்சிலிங் ரூம்ல சொன்னாரு, பையன் இப்ப ராத்திரி எந்திரிச்சு அவர் படுத்திருக்காரான்னு தொட்டுப் பாக்குறது குறைஞ்சிருக்காம். மருந்து மாறல, தெரபி மாறல. யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு அவனுக்கு இப்ப பேரோட தெரியும், அவ்வளவுதான் மாறுச்சு. அதனாலதான் இந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுறேன்.

குழந்தைகிட்ட கேஸ் பத்தி சொல்லலாமா?

அது ஏற்கனவே பாதி கேட்டிருக்கும், மீதிய கற்பனை பண்ணியிருக்கும், கற்பனை எப்பவும் உண்மைய விட மோசம். "நாம இங்க இருக்கலாமான்னு பெரியவங்க முடிவு பண்ணிட்டு இருக்காங்க, நமக்கு ஒரு லாயர் இருக்காங்க, எது நடந்தாலும் உன்னை யார் பாத்துப்பாங்கன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கோம்"னு வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லுங்க. "ஒண்ணுமே ஆகாது"ன்னு சத்தியம் பண்ணாதீங்க.

இன்டர்வியூல தேதி மாத்தி சொல்லிட்டேன், முன்னாடி சொன்னதுக்கும் இதுக்கும் முரணா போச்சு. கேஸ் போச்சா?

மனக்காயப்பட்ட ஞாபகம் வரிசையா இருக்காது, வாசனை துல்லியமா ஞாபகம் இருக்கும், மாசம் ஞாபகம் இருக்காது. உடனே லாயர்கிட்ட சொல்லுங்க, மறைக்காதீங்க, தெரியாததை தெரியாதுன்னே சொல்லுங்க, ஊகிச்சு சொன்ன தேதிதான் பின்னாடி கழுத்தைப் பிடிக்கும். சித்திரவதையோட தடயத்தை உடம்புலயும் மனசுலயும் எப்படி பரிசோதிச்சு எழுதணும்னு இஸ்தான்புல் நெறிமுறைன்னு ஒண்ணு 1999ல வந்துச்சு, 2022ல திருத்தினாங்க. அதைத் தெரிஞ்ச டாக்டரோ சைக்காலஜிஸ்டோ கொடுக்குற ரிப்போர்ட் கேஸுக்கு பெரிய பலம். குழந்தைய விசாரிக்கிறாங்கன்னா இடையில பிரேக் கேக்கலாம், நம்பிக்கையான பெரியவங்க கூட இருக்கலாமான்னும் கேளுங்க.

ஒரு ஏஜென்ட் பணம் கொடுத்தா முடிச்சுத் தர்றேங்கறாரு. நம்பலாமா?

"கண்டிப்பா முடிச்சுத் தர்றேன்"னு சொல்றவரை நம்பாதீங்க, நேர்மையான லாயர் அந்த வார்த்தைய சொல்லவே மாட்டாரு. லைசென்ஸ் நம்பர் கேட்டு சரிபாருங்க, வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க, ரசீதும் நகலும் வாங்குங்க. அரசாங்க லெட்டர் எது வந்தாலும் கவரையும் சேர்த்து பத்திரமா வைங்க. அப்பீலுக்கு கெடு பல நேரம் லெட்டர் அனுப்பின நாள்ல இருந்தோ கிடைச்ச நாள்ல இருந்தோ எண்ணுவாங்க, அது எப்ப அனுப்பினதுங்கறதுக்கு சாட்சி கவர் மேல இருக்குற முத்திரைதான். கவரை குப்பையில போட்டுட்டு வந்து நின்ன குடும்பத்தோட நான் உக்காந்திருக்கேன், அந்த அம்மா கைய பிசைஞ்சுக்கிட்டே "வெறும் கவர்தானேன்னு நெனச்சேன்"னு சொன்னது இன்னும் காதுல இருக்கு.

அவங்க அப்பா எங்க இருக்காருன்னே தெரியல. குழந்தைக்கு என்ன சொல்ல?

"தெரியல, தேடிட்டு இருக்கோம்". இறந்துட்டாருன்னும் சொல்லாதீங்க, நாளைக்கே வந்துடுவாருன்னும் சொல்லாதீங்க. முடிவு தெரியாத இழப்புதான் ஆற ரொம்ப நாள் எடுக்கும், துக்கமும் நம்பிக்கையும் ஒரே நேரத்துல இருக்கலாம்னு குழந்தைக்கு அனுமதி கொடுங்க. தேடுறதுக்கு செஞ்சிலுவைச் சங்கத்துல தனிப் பிரிவே இருக்கு, காசு கிடையாது, போய் பதிவு பண்ணுங்க. போட்டோ இருந்தா குழந்தை கைக்கு எட்டுற இடத்துல வைங்க.

எனக்கே தூக்கம் இல்ல, எதுக்கெடுத்தாலும் புள்ளைய அடிச்சுடுறேன். நான் கெட்ட அம்மாவா?

இல்லம்மா. நீங்களும் அதே பயணத்துல வந்தவங்கதான், உங்களுக்குன்னு தனியா கவுன்சிலிங் கேளுங்க, அது புள்ளைக்கும் சேர்த்துதான். அடிச்சுட்டா அப்புறம் போய் "அம்மா பயத்துல கத்திட்டேன், உன் தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க, அந்த ஒரு வரிய கேட்டு முகம் மாறின குழந்தைங்களை நான் பாத்திருக்கேன். வாழவே வேண்டாம்னு தோணினா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போங்க, இல்ல உங்க நாட்டு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, குழந்தைய மொழிபெயர்க்க வைக்காதீங்க.

நான் டீச்சர். என் கிளாஸ்ல இப்படி ஒரு குழந்தை இருக்கு, நான் என்ன பண்ணலாம்?

அந்தஸ்து என்ன, பேப்பர் இருக்கான்னு கேக்காதீங்க, அது உங்களுக்கு தேவையே இல்ல. பேரை சரியா உச்சரிக்க கத்துக்கோங்க. ஃபயர் டிரில் மணி அடிக்கப் போகுதுன்னா அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே போய் சொல்லுங்க. கதவைப் பாத்து உக்கார இடம் கேட்டா கொடுத்துடுங்க. "என் குடும்பம்", "என் பயணம்"னு கட்டுரை எழுதச் சொல்லும்போது வேற தலைப்பும் ஒண்ணு வைங்க. வீட்டு மொழியில பேசினா தடுக்காதீங்க, அது அதோட உரிமை, குழந்தை உரிமை ஒப்பந்தத்தோட 30வது பிரிவு.

என் மகனுக்கு பதினாறு. தெரபின்னா "நான் பைத்தியமா"ன்னு கத்துறான். இழுத்துட்டு போகவா?

இழுக்காதீங்க. அந்த வயசுல கட்டாயப்படுத்தினா உடம்புதான் போய் உக்காரும். ஃபுட்பால், இசை, வேலைன்னு அவன் போற இடத்துல நம்பிக்கையான ஒரு பெரியவங்களை கண்டுபிடிங்க. "ஒரு தடவை வா, பிடிக்கலன்னா அடுத்தது வேண்டாம், ஆண் கவுன்சிலரா பெண் கவுன்சிலரா, எந்த மொழின்னு நீயே சொல்லு"ன்னு தேர்வை அவன் கையில கொடுங்க, நாட்டை விட்டு வர்றப்ப அவன்கிட்ட யாரும் எதையும் கேக்கல இல்லையா. அவன் ஏத்துக்கற வரைக்கும் பெத்தவங்க நீங்க மட்டும் போய் கவுன்சிலரைப் பாக்கலாம், அப்படி நாலு மாசம் அம்மா மட்டும் வந்த ஒரு வீட்ல அஞ்சாவது மாசம் பையன் வாசல் வரைக்கும் கூட வந்தான், உள்ள வரல, வெளிய பெஞ்சுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தான், கவுன்சிலர் போய் பக்கத்துல உக்காந்து என்ன பாட்டுன்னு கேட்டாரு.